வெள்ளிதோறும் கழுவிய தொட்டி

சூலூர்
12-3-1961

மதிப்பிற்குரிய வெங்கடபதி அவர்களுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். தங்கள் மில் ஆபீஸ் முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நலமில்லை. நேற்றுக் காலையும் நான்கு மிதந்தன. நாற்றத்தை மறைக்க யாரோ பன்னீர் தெளித்திருந்தார்கள். மீன் நாற்றத்தைத் தாங்கிவிட்டேன், பன்னீர்தான் குமட்டியது.

தை மாதம் தொட்டியைத் திறந்த அன்றே சொன்னேன்: புதுத் தண்ணீரில் நாற்பது தங்கமீன்களை ஒரே நாளில் விடாதீர்கள், இரண்டு போதும், தண்ணீர் பழகட்டும் என்று. தாங்கள் விருந்தினர் முன்னிலையில், "ஏனுங்க, மீன் வளக்கறதுக்கும் பி.எஸ்ஸி. படிக்கோணுங்களா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாளில், என் நோட்டைப் பார்த்துத் தாங்கள் ரசாயன வகுப்பின் உப்புப் பரிசோதனையை முடித்தபோது நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துப்போய், நான் வேலை பார்க்கும் மில் ஆய்வுக்கூடத்தில் நெஸ்லர் கரைசல் விட்டுப் பார்த்தேன். அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும். மிகுந்தால் செங்கல் நிறம். செங்கல் நிறமே வந்தது. மீனின் கழிவும், தின்னாமல் ஊறி அழுகும் பொரியும்தான் காரணம். கல்லிலும் கண்ணாடியிலும் படியும் வழுவழுப்பில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே. பிறகு வேறு சில அதை நைட்ரேட்டாக்கும்; அப்புறம்தான் மீன் பிழைக்கும். இதற்கு ஒன்றரை மாதமாவது வேண்டும்.

தங்கள் வீட்டம்மா ராமாமணி அவர்கள் அதற்கு ஏழு நாளுக்கு மேல் அவகாசம் கொடுக்கவில்லை. வெள்ளி காலையில் வந்து நிற்பார்கள். "ஏப்பா வேலா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா பாசி புடிச்ச கண்ணாடி இருந்தா லட்சுமி உள்ளே வருவாளா? கல்லையெல்லாம் சோடாப் போட்டுத் தேச்சுக் கழுவிப்போடு" என்பார்கள். தோட்டக்கார வேலன் கழுவுவான்; வழுவழுப்போடு அந்த நுண்ணுயிர்களும் போய்விடும். புதுக் கிணற்றுத் தண்ணீர், மதராசிலிருந்து தகர டின்னில் வந்த புது மீன், மறுபடி பிணம். வாரம் ஒரு முறை மங்களகரமாக ஒரு கொலை.

இப்போது வேலன் தொட்டியில் மில்லின் சாயத் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்கிறீர்கள். வருகிற வெள்ளிக்குள் மில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். நேற்று என்னிடம் வந்தான். "தெனமும் பொரி போட்ட கையிங்க இது. நானே வெசம் வெப்பனுங்களா? படிச்சவங்க நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். அவனை அனுப்பிவிட்டு என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். தங்களை ஒருநாள் நாலு பேர் முன்னால் முட்டாளாக்க வேண்டுமென்று, ஐம்பது நாள் நிறக்குறிப்புகளை அதில் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அந்த இழுப்பறைதான் தொட்டியைவிட அதிகமாக நாறுகிறது.

குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்குப் பிறகும் நிறம் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கல்லை யாரும் தொட வேண்டாம். அன்றாடம் கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். பொரி ஒரு சிட்டிகை. கரைசல் விட்டாலும் நிறம் மாறாத நாள் வரும்வரை புது மீன் வேண்டாம். வேலனைப் போகச் சொல்லாதீர்கள். அவன் பெண்டாட்டி மாசாணியம்மாள் நிறைமாதம். அந்த வீட்டிலேயே குழந்தை பிறக்கட்டும்.

எழுதியவன் யாரென்று தங்களுக்குத் தெரியும். தெரிந்தும், 'இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள' என்று எழுத என் கை கூசுகிறது. ஆகவே கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.