சுழி பார்க்க வந்தவர்கள்

மே 13, 1968. திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் பஸ்ஸில் ஓடைப்பட்டி. குதிரை வாங்கியாயிற்று. பெட்டை, மூன்று வயது, செம்மண் நிறம். முதுகில் சேணம் ஏறியதில்லை, வாயில் கடிவாளம் பட்டதில்லை, வண்டி என்றால் என்னவென்றே தெரியாது. திராட்சைத் தோட்டத்துக்காரர் தன் மகன் சவாரி செய்ய வாங்கினாராம். மகன் மோட்டார் சைக்கிள் கேட்டுவிட்டான். மாட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது.

பாதி விலைதான். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி, ரோமம் சுழன்று பொட்டளவு. கண்ணீர்ச் சுழியாம். இந்தச் சுழி உள்ள குதிரையை வாங்கினால் வாங்கியவர் வீட்டில் சாவு விழுமாம்.

தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க தாராளமாப் பிடிச்சிட்டுப் போங்கத்தா. மத்தவுகதான் பயப்படணும். ஒங்க வீட்டுல இனிமே போறதுக்கு ஆரு இருக்கா?"

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எரிச்சல். குதிரை வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம், வண்டி மட்டும் வீட்டில் நிற்கிறது. பிள்ளை இல்லை. அதற்காக எனக்குத் தள்ளுபடியா? குதிரையைக் கையில் பிடித்துத் தேனிவரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் பதில் பதிலாக வந்தது. சின்னமனூர் தாண்டியதும் மிக நல்லதாக ஒன்று தோன்றியது. குதிரையிடம் சொன்னேன். காதைத் திருப்பிக் கேட்டது. லாரிக்கு மிரளவில்லை, ஆட்டு மந்தைக்கு ஒதுங்கி நின்றது. கயிறு ஒரு தடவைகூட இறுகவில்லை.

பொழுது சாய வீடு. செருப்பு வார் அறுந்தது.

மே 14, செவ்வாய்

வாங்க வேண்டியது: கொள்ளு, தவிடு, விளக்கெண்ணெய், செருப்பு.

பாப்பாவை (அப்படித்தான் கூப்பிட வருகிறது) வண்டி ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். ரயிலடிச் சத்தம் பழகட்டும் என்று. போயிருக்கக் கூடாது.

இன்று சுழி பார்த்தவர்கள்: கருப்பையா அண்ணன் (ஸ்டாண்டில் மூத்தவர், என் வீட்டுக்காரரின் கூட்டாளி). ஸ்டாண்டில் மற்ற நால்வர். டீக்கடைக்காரர். ரயிலுக்கு வந்த இருவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. ஒரு போலீஸ்காரர்.

எல்லாருக்கும் ஒரே முறை. இடக்கையால் காதைப் பிடிப்பது, வலது கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே ரோமத்தை மேலும் கீழும் தேய்ப்பது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்ப்பது, உச்சுக் கொட்டுவது.

கருப்பையா அண்ணன்: "ஏத்தா, இத வித்துரு. நேரா கண்ணுக்குக் கீழ இருக்கு. அதுவும் எடது."

"வலதுன்னா பரவாயில்லையாண்ணே?"

"வலதுன்னா மாமியாளுக்கு."

என் மாமியார் செத்து ஒன்பது வருஷம். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஸ்டாண்டில் அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள். கண்ணீரு.

மே 17, வெள்ளி

காற்று. மண்ணெண்ணெய்க் கடையில் ஒரு மணி நேரம்.

பாப்பா இன்று முதல் தடவையாகத் தலையை விசிறியது. என் தாடையில் இடி. பல் ஆடவில்லை, வலிக்கிறது.

விளக்கெண்ணெய் பாதி தீர்ந்தது.

மே 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாதிரி ஐயரிடம் சொன்னேன், ஊரே இப்படிப் பேசுகிறது, பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. "நாம கர்த்தரை நம்புறவங்க. சுழி, சகுனம் இதெல்லாம் நமக்கு இல்ல எஸ்தர்" என்றார். மனம் குளிர்ந்தது. நாலு அடி வைத்திருப்பேன், பின்னாலேயே வந்து மெதுவாக, "எந்தக் கண்ணு?" என்றார்.

சாயந்திரம் வீட்டுக்கே வந்துவிட்டார், ஜெபம் பண்ண. ஜெபம் இரண்டு நிமிஷம். குதிரைக் கொட்டத்தில் பத்து நிமிஷம். அவரும் கட்டைவிரல்தான்.

மே 21, செவ்வாய்

லோயர் கேம்பிலிருந்து கூடப்பிறந்த அண்ணனின் கார்டு. பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மா இருக்கிறதாம். மதினிக்கு அடுப்படியில் கை ஒத்தாசை வேண்டுமாம். "வண்டி ஓட்டுவது பொம்பளை வேலை அல்ல. ஜூன் பிறந்தும் ஒன்றும் அமையாவிட்டால் குதிரையை மலைக்கு விற்றுவிட்டு வந்து சேர்."

மலைக்கு என்றால் ஏலக்காய் மூட்டை. பாறைப் பாதை. இரண்டு வருஷத்தில் குளம்பு போய்விடும். நானும் அடுப்படியில் அப்படித்தான்.

எல்லாம் பெரிய டீச்சர் கையில். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கடைவீதிப் பிள்ளைகள் பதினொரு பேரை ஏற்றிப்போக வண்டி தேடுகிறார்கள். ஜூன் ஏழாம் தேதி வண்டியோடு வந்து காட்டு, குதிரை அமைதியாக நின்றால் உனக்கே என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொட்டத்து வேலை என்னுடையது. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், குதிரையைப் பார்த்தது நான். அது எந்த ஊர்க்காரனுக்கும் ஞாபகம் இல்லை.

மே 23, வியாழன்

கடிவாளம் போட முயன்றேன். கை முகத்தருகே போனதும் பின்னங்காலில் எழுந்து நின்றது. கயிறு அறுந்தது, தொட்டி உடைந்தது. கருப்பையா அண்ணனும் இரண்டு பேரும் ஓடிவந்து காதை முறுக்கிப் பிடித்தார்கள். பாப்பாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

"பாத்தியா, சுழி வேலையக் காட்டுது" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

கத்தி அனுப்பிவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

மே 24, வெள்ளி

தூறல். கம்பம் பக்கம் மலை தெரியவில்லை.

காலையில் தவிடு வைக்கப் போனேன். கழுத்தைத் தொட்டேன், நின்றது. முதுகு, வயிறு, நாலு கால், வால். நின்றது. கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். வலப்பக்கம், கொஞ்சம் மிரட்சி. இடப்பக்கம், கட்டைவிரல் தெரிந்ததும் தலை வானத்துக்குப் போய்விட்டது.

அப்படியே உடைந்த தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். சுழியாவது மண்ணாவது. ஓடைப்பட்டியிலிருந்து பூனைக்குட்டி மாதிரி நடந்து வந்த குதிரை இது. பத்து நாளில் ஊரிலுள்ள அத்தனை கட்டைவிரலும் அதன் கண்ணில் குத்தாத குறையாகத் தேய்த்திருக்கிறது. யாருக்கானாலும் தலையை விசிறத்தான் தோன்றும். இவர்களே மிரட்டுவார்கள், மிரண்டதும் சுழி என்பார்கள். படித்தவன், படிக்காதவன், போலீஸ், பாதிரி, ஒருவன் பாக்கி இல்லை.

இதுவரை இந்த நோட்டில் எழுதாத ஒன்று. நானும்தான். வந்த மறுநாளிலிருந்து தினமும் விடியலில் யாரும் பார்க்காமல் விளக்கெண்ணெய் தொட்டு அந்த ரோமத்தை நீவி நீவிப் படியவைத்துக்கொண்டிருந்தேன், சுழி மறையட்டும் என்று. ஊரில் எல்லாரையும்விட அதிகம் தேய்த்தது என் கட்டைவிரல். குளிர்ச்சிக்கு, சேணத்துக்கு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு எண்ணெய் வாங்கினேன்.

மீதி எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மே 25, சனி

கொட்டத்து வாசலில் சாக்குப் படுதா. அட்டையில் கரியால் எழுதித் தொங்கவிட்டேன்: "சுழி பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும்."

மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். சந்தோஷம்.

மே 28, செவ்வாய்

புது முறை. கட்டவில்லை, பிடிக்கவில்லை. பாப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கொள்ளில் கல் பொறுக்குகிறேன். பார்ப்பதே இல்லை. முந்தாநாள் இரண்டு மணி நேரம், மூலையை விட்டு நகரவில்லை. நேற்று பின்கழுத்தில் மூச்சு. இன்று தோளில் மோவாயை வைத்தது. கனம். நான் அசையவில்லை. கால் மரத்தும், எறும்பு கடித்தும் அசையவில்லை.

கொஞ்சம் அழுதேன். சுழிதான் காரணம் என்பார்கள்.

மே 31, வெள்ளி

கடிவாளத்தை மூன்று நாளாக என் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிகிறேன். கடைக்குக்கூட. சிரிக்கிறார்கள். இரும்பில் கருப்பட்டி தடவி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், கீழேயிருந்து. மேலேயிருந்து கை வரவே கூடாது. நக்கியது, கடித்தது, தானே வாயில் வாங்கிக்கொண்டது. கன்னத்து வாருக்குப் பழைய ரவிக்கைத் துணி சுற்றியிருக்கிறேன். கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டது. விசிறவில்லை.

மாலை குளத்துக் கரைவரை நடை. லகானை இழுக்க வேண்டியதே இல்லை. நான் நின்றால் நிற்கிறது. வரத் தயங்கினால் நானும் கூடவே நிற்கிறேன். அவசரப்பட்டு எங்கே போகப் போகிறோம்?

ஜூன் 4, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வாரம் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.

இரண்டு நாள் வெறும் மூங்கில் கழிகளை இழுத்துப் பழக்கம். சத்தம் பின்னாலேயே வருவது முதலில் பிடிக்கவில்லை. பாடிக்கொண்டே கூட நடந்தேன். இன்று வண்டி. ரயில்வே கேட்டில் என்ஜின் ஊதியது. நான்கு காலும் நடுங்கிற்று, ஆனால் காது மட்டும் என் பக்கம் திரும்பியது. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிற மாதிரி. "ஒண்ணுமில்ல பாப்பா" என்றேன். ரயில் போகும்வரை நின்றது.

கருப்பையா அண்ணன் ஸ்டாண்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 7, வெள்ளி



பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். மணி அடித்தது. நானூறு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு டீச்சர் பாப்பாவின் மூக்குக்கு நேரே குடையை விரித்தார். பாப்பா நின்றது. கோயில் தூண்கூட அப்படி நிற்காது.

பெரிய டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். "குதிரை நல்லா நிக்குது எஸ்தர். ஒரு குறையும் சொல்ல முடியாது."

"அப்ப திங்கக்கிழமையிலிருந்து வந்துரட்டுமா டீச்சர்?"

"வண்டி வரட்டும். ஓட்டுறதுக்கு மட்டும் ஒரு ஆம்பிள ஆளப் போட்டுருங்க."

"நான் ஓட்டுறதுல என்ன குறை டீச்சர்?"

"ஓட்டுறதுல இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிள்ளைகளோட அம்மாமாருக சொல்றாக. காலங்காத்தால வாசல்ல வந்து நிக்கிற முகம்... ஒங்களுக்கே தெரியும். நான் இதெல்லாம் நம்புறவ இல்ல. அவுக சொல்றாக."

பாப்பாவுக்குக் கண்ணுக்குக் கீழே பொட்டளவு. எனக்கு முகம் முழுக்கச் சுழி.

வீடு வந்து சோறு பொங்கவில்லை.

ஜூன் 8, சனி

கருப்பையா அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். டீச்சர் சொல்லி அனுப்பினாராம். "நான் ஓட்டுறேன்த்தா. வண்டியும் ஒன்னுது, குதிரையும் ஒன்னுது. நீ வீட்டுல நிம்மதியா இரு."

நிம்மதி! அந்த வார்த்தையைக் கேட்டதும் வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டலாமா என்றிருந்தது. "ஓட்டிப் பாருங்க" என்றேன். தலையை விசிறும், மானம் போகும், ஓடுவார் என்று நினைத்தேன்.

அவர் கடிவாளத்தை உள்ளங்கையில் வைத்துக் கீழேயிருந்து நீட்டினார். முகத்தைப் பார்க்காமல் ஒருக்களித்து நின்றார். படுதா ஓட்டை வழியாக எத்தனை நாள் பார்த்தாரோ. பாப்பா வாங்கிக்கொண்டது. அவரை ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது, ஒழுங்காக.

எனக்குப் பாப்பா மேலேயே கோபம். இதற்காகவா எறும்புக் கடி பட்டேன்? யார் கை வைத்தாலும் நம்பும்படி பழக்கினேன், நான் யாருக்கும் தேவையில்லை என்று ஆக்கிக்கொண்டேன்.

அண்ணன் இறங்கினார். "ஒன் வீட்டுக்காரன் இருந்தப்பக்கூட எந்தக் குதிரையும் இப்பிடி நின்னதில்ல. ஒங்க ரெண்டு பேருல அவன்தான் ஓட்டுறவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம் நாங்க." லகானைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "டீச்சர் கேட்டா எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிரு."

போகும்போது நொண்டினார். தெரு திரும்பும்வரை நொண்டினார்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வண்டி கழுவல். பெஞ்சுக்குப் புது உறை. லோயர் கேம்ப் அண்ணனுக்குக் கார்டு எழுதி, தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன். நாளை எத்தனை பிள்ளை ஏறும்? ஆறு ஏறினால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு. குறைந்தால் லோயர் கேம்ப்.

ஜூன் 10, திங்கள்

சாரல், காற்று. ஏழேகாலுக்கு வண்டி பூட்டினேன். வெள்ளைச் சேலை அல்ல. பச்சைக் கரை வைத்தது, நல்லதாக.

பதினொரு வீட்டில் மூன்று வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஜன்னலில் ஆள் தெரிந்தது. எட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சர், "கருப்பையா எங்கன?" என்றார். "இடுப்புப் பிடிச்சுக்கிச்சு டீச்சர்." வண்டியைப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணினார், உள்ளே போய்விட்டார்.

பாத்திரக்கடை வீட்டை எழுதவில்லையே. நாலாவது வீடு. அதுவரை ஒன்றுதான் ஏறியிருந்தது. அந்த அம்மா பிள்ளையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இதுதானா அந்தக் குதிரை?" தள்ளி நின்றே பாப்பாவின் கண்ணுக்குக் கீழே பார்த்தாள். பாப்பா காதை ஆட்டியது, அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தாள். நெற்றி, காது, கழுத்து, ஒவ்வொன்றாக. முகத்தைத் திருப்பத் தோன்றியது. திருப்பவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். சாப்பாட்டுத் தூக்கை என் மடியில் வைத்தாள்.

"உள்ள ரசம் இருக்கு. சிந்தாம ஓட்டுங்கக்கா."