வேலி தாண்டி விழுந்த தேசிக்காய்

திருகோணமலை
24.08.1997

அன்பு மகள் இராசமலருக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் தவராசாவும் வயிற்றில் இருக்கிற குட்டியுமாக மூன்று பேரும் சுகமாயிருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தேங்காய் உடைக்கிறேன். உன் கடிதம் போன மாதம் கிடைத்தது, வழியில் யாரோ உடைத்து வாசித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், வாசித்தவர்களும் சிரித்திருப்பார்கள். பின்னே என்ன, தேசிக்காயைக் கழுவி ஈரத்தோடேயே உப்புக்குள் போட்டு, ஜேர்மனியில் வெயில் இல்லையென்று ஹீற்றருக்கு மேலே காயவைத்தாயாம், நாலாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்ததாம், அள்ளிக் குப்பையில் கொட்டினாயாம். பிள்ளை, ஊறுகாய்க்குத் தண்ணீர் ஆகாது. ஒவ்வொரு காயையும் துணியால் துடைத்து நிழலில் உலரவிட்டு, அடி பிரியாமல் நாலாகக் கீறி, உப்பை உள்ளே அடைத்து சாடியில் போட்டு, நாலைந்து நாளால் எடுத்து வெயிலில் வைக்க வேண்டும், ஈரக்கை படவே கூடாது. இங்கே இருந்த காலத்தில் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும், நீ எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டு வேலியைத்தானே.

வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அம்மாவின் ஊறுகாய்தான் வேண்டும் என்று எழுதியதை வாசித்து எனக்கு நெஞ்சு உருகி முடியமுன்னமே அடுத்த வரியில் என்னை வெருட்டியிருக்கிறாய். பிள்ளை பிறந்தால் ஒரேயொரு படம்தான் அனுப்புவாயாம், இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதானாம், நானும் உன் மாமி நல்லம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமாம், கதைக்காவிட்டால் அதுவும் இல்லையாம். இரண்டு நாள் உன்னோடு கோபமாக இருந்தேன், உனக்குத்தான் அது தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கும் சொல்லாமல் கலியாண எழுத்து முடித்த அன்று, என் மகள்தான் தன் மகனின் மூளையைக் கெடுத்தவள் என்று தெருவில் நின்று சொன்ன மனிசி அவர். நானும் சும்மா நிற்கவில்லை, அது வேறு கதை. அன்றைக்கு நின்றுபோன பேச்சுத்தான், ஆறு வருசம். அவர்கள் வீட்டுத் தேசிமரம் எங்கள் பக்கம் சரிந்து நிற்கிறது, விழுகிற காயை ஒன்றுவிடாமல் வேலிக்கு மேலால் திருப்பி எறிந்துகொண்டுதான் இருந்தேன். இந்தக் கைக்கு நான் கிரிக்கெட்டுக்குப் போயிருக்கலாம் என்று அப்பா சொல்வார்.

ஆனால் உனக்கு ஊறுகாய் போடக் காய் வேண்டுமே. றோட்டுப் பூட்டியிருந்தபடியால் சந்தையில் ஒரு தேசிக்காய் இல்லை. அதனால் எறிகிறதை நிறுத்தினேன், ஒன்பது நாளில் நாற்பது காய் சேர்ந்தது. உன் மாமி எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். பத்தாம் நாள் வேலிக்கு அப்பால் நின்று எங்கள் ஆட்டைப் பார்த்து, இந்த ஊரில் ஆடுகள்கூட இப்ப தேசிக்காய் ஒளிக்கப் பழகிட்டுது என்று சொன்னார். நான் விடுவேனா, நானும் அதே ஆட்டைப் பார்த்து, ஜேர்மனியில ஒரு வயித்துப்பிள்ளைக்காரிக்கு வாய்க்கு உருசியில்லையாம், அவளுக்குத்தான் என்று சொன்னேன். அடுத்த நாள் விடிய வேலியில் ஒரு பை தொங்கியது, உள்ளே நல்ல மஞ்சள் பழமாக இருபது. ஆடு பாவம், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது.

நிலாவெளி உப்புப் போட்டு ஊறவைத்து, முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் பாயில் பரப்பினேன். வறண்ட கச்சான் காற்றுக்கு இரண்டு நாளிலேயே தோல் நன்றாகச் சுருங்கி வந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், பாயைச் சுருட்டவும் விடவில்லை. உன் மாமிக்கு முழங்கால் வீங்கி எழும்ப ஏலாது என்றபடியால் அவரை மட்டும் வீட்டில் விட்டார்கள். மத்தியானம் கழிய மழை கறுத்துக்கொண்டு வந்தது, இந்த மாதத்தில் மழையை யார் எதிர்பார்த்தது. அப்பா என் காதுக்குள், போய் ஆமிக்காரரிட்டை ஊறுகாய்க்கு ஒரு பாஸ் கேளன் என்றார். மழை கொட்டியபோது நான் வரிசையில் நின்று அழுதுவிட்டேன், மகள். தேசிக்காய்க்காக இல்லை. ஆறு வருசத்தில் நீ என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான், அதையும் தர என்னால் முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

பின்னேரம் விட்டதும் ஓடிவந்து பார்த்தால் கட்டில் மட்டும் நனைந்து கிடக்கிறது, பாயும் இல்லை, காயும் இல்லை. பிறகுதான் வேலியில் ஒரு தகரம் கழன்று கிடந்ததைக் கண்டேன். அந்த ஓட்டையால் புகுந்து, அவர்கள் குசினிக்குள் ஆறு வருசத்துக்குப் பிறகு கால் வைத்தேன். உன் மாமி கதிரையில் இருந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு காயாக ஒரு பழைய சேலைத் துண்டால் துடைத்து அடுப்படிச் சூட்டில் அடுக்கிக்கொண்டு இருந்தார். இந்தக் காலோடு தகரத்தைப் பிடுங்கி அறுபது காயையும் எப்படித்தான் காவினாரோ. ஆடும் அங்கே இல்லை, என்னைப் பார்த்துத்தான் கதைக்க வேண்டி வந்தது. உப்புக் காணுமோ என்று கேட்டார். காணும், அளவாய்த்தான் போட்டிருக்கு என்றேன். கடுகு அரைச்சுப் போடட்டோ என்று கேட்டார். கடுகு போட்டால் என் ஊறுகாய் இல்லை என்றேன். அதில் தொடங்கி அரை மணித்தியாலம் சண்டை, ஆறு வருசத்துக்கும் சேர்த்துக் கதைத்து முடித்தோம். கடைசியில் பாதிக்குக் கடுகு, பாதிக்குக் கடுகில்லை.

அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த முத்தலிப்பின் மருமகன் வருகிற மாதம் ஜேர்மனிக்கு வருகிறார், இரண்டு போத்தலும் அவர் கையில் வரும். இரண்டும் நல்லதென்றே எழுது, வீண் சண்டை வேண்டாம். ஈரக் கரண்டி போடாதே, ஆசைக்கு அள்ளித் தின்று வயிற்றைக் கெடுக்காதே, படிகளில் பார்த்து இறங்கு. அப்பா நேற்றுச் சுத்தியலோடு தகரத்தை அடிக்கப் போனார், ஆணியெல்லாம் கறள் பிடித்துவிட்டது, கிடக்கட்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நல்லாயிருக்க வேண்டும், குட்டி சுகமாகப் பிறக்க வேண்டும். படம் ஒன்று போதும், நானும் உன் மாமியும் சேர்ந்திருந்து பார்க்கிறோம். ஆனால் எங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பு, நான் முதலில் பார்த்துவிட்டு ஓட்டையால் கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
ஆ. கனகம்மா