வாசற்கதவில் மூன்றாவது தாள்

என் மகள் நெவெனாவுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் அந்த ஹோட்டல் வேலைக்குப் போய்வந்தால் அதுவே எனக்குப் போதும். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறேன்.

போனில் உன் குரலைக் கேட்டால் பொய்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். கால் இன்னும் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அவ்வளவு வலி இல்லை. மாவுக்கட்டைப் பிரித்து ஏழு வாரம் ஆகிறது, எலும்பு கூடிவிட்டது நடக்கலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். நான்தான் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே கிடந்தேன். முற்றத்தைத் தாண்டினால் வாசற்கதவு, அதன் வெளிப்பக்கம் உங்கப்பா படம் போட்ட இரங்கல் தாள். செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, இரண்டையும் பக்கத்து வீட்டு தோன்காதான் ஒட்டினாள். நான் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் அவர் எங்கேயோ போயிருக்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லவில்லை. செர்ரி பறிக்க அவர் ஏறியபோது ஏணியை நான்தான் பிடித்திருந்தேன், தலைத்துணி அவிழ்ந்தது, கட்டுவதற்கு ஒரு கையை எடுத்தேன், ஏணி அவரோடு என் மேல் சரிந்தது, அவ்வளவுதான். என் கால் ஒடிந்தது, அவர் போயே போய்விட்டார். மூன்று மாதமாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சில நாள் அவர் மேலேயே கோபம் வரும், உச்சியில் இருப்பதைக் குருவிக்கு விடுங்கள் என்றேனே கேட்டாரா என்று. அப்புறம் கோபப்பட்டதற்கே அழுகை முட்டும், ஆனால் வராது. சூப் கொண்டுவந்தவர்களைக்கூடத் திட்டியிருக்கிறேன்.

நீ ஸ்பெயினில் வேலையை விட்டுவிட்டு பல்கேரியாவுக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னாயே, அதற்கு மறுநாள்தான் அவர் போன மூன்றாம் மாத நாள். தோன்கா தாளும் பசையுமாக வந்து நின்றாள். அடியே வெலிக்கா, இந்தத் தடவை நான் ஒட்டமாட்டேன், உன் புருஷன் உன் கதவு, நீயே ஒட்டு, இல்லாட்டி இதை என் முதுகுல ஒட்டிக்கிட்டு ஊரைச் சுத்துவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான். கோலை ஊன்றிக்கொண்டு போனேன். பழைய தாளில் மழை பட்டு அவர் மூக்கு உரிந்திருந்தது, கழுத்தில் டை கட்டின படம், யாரோ ஆபீசர் மாதிரி. பசை தடவிப் புதுத் தாளை ஒட்டினேன். தோன்கா தள்ளி நின்று பார்த்துவிட்டு, கோணலா இருக்குடி, இருக்கட்டும், அந்த மனுஷன் ஏணியையும் இப்படித்தானே சாத்துவான், நீ பத்துக் கையால பிடிச்சிருந்தாலும் நின்னிருக்காது என்றாள். என் கையைப் பற்றி அவளிடம் நான் வாயே திறந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு அப்படியே அழுகையாகி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அவர் இல்லை நெவெனா. அப்புறம் எழுந்து, அவர் பேரில் கொடுக்க அவித்துச் சர்க்கரை தூவி வைத்திருந்த கோதுமையை வழியில் போனவர்களுக்கெல்லாம் நின்றபடியே நான்தான் கொடுத்தேன்.

அதனால் என் காலுக்காக வேலையை விடாதே. மற்றது நீ வந்தாலும் உடனே ஆறாது. டிசம்பரில் அரை வருஷத் தாள் ஒட்டணும், அதற்கு வா. உன் போனில் அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் இருக்குமே, அதைக் கொண்டுவா. தினமும் கதவுவரைக்கும் நடக்கிறேன், தாளை நிமிர்த்தவில்லை.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். குளிருக்கு முன்னால் கனமான காலுறை வாங்கிக்கொள். அங்கே ஜன்னல் துடைக்கச் சொன்னால் ஏணியை நேராகச் சாத்து.

உன் அம்மா,
வெலிக்கா