நாற்பத்திரண்டாவது இலை

ஆகஸ்ட் 6, புதன்
வெயில். காற்றே இல்லை. இலைப் பலகைக்கு வார்னிஷ் அடித்தாயிற்று. இல்லச் செயலாளர் என்று பெயர், எல்லா வேலையும் என் தலையில்.

திராட்சைக்கொடிதான் எங்கள் விடுதி இல்லத்தின் சின்னம். பலகையில் அந்தக் கொடி, ஆளுக்கொரு மர இலை ஆணியில். உள்ளே இருந்தால் பச்சைப் பக்கம், வெளியே போனால் பழுப்பு. அவரவர் திருப்ப வேண்டும். வருகைப் பதிவேடு கிடையாது. 'உண்மையில் நிலைத்திரு' என்று அடியில் எழுதிவிட்டு எதற்குப் பதிவேடு? இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கூடத்து மின்பெட்டியில் கருகிய வாடை. எலக்ட்ரீஷியன் திங்கள்தான் வருவாராம்.

8, வெள்ளி
மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. துவைக்க: போர்வை, இரண்டு சுடிதார்.

அறைத்தோழி தீபா காதோரம் வந்தாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட அவள் அக்காவுக்கு வண்டியூரில் குழந்தை பிறந்திருக்கிறது.

"ஒரே ஒரு ராத்திரிடி. இலை பழுப்பா தொங்குச்சுன்னா மேட்ரன்மா எங்கப்பாவுக்குப் போன் போட்ருவாங்க. ஆறு மணிக்குத் திருப்பி மட்டும் வையி. காலையில வந்துர்றேன்."

கடைக்குப் போகிறவள் மாதிரி பழுப்புக்குத் திருப்பிவிட்டுப் போனாள். ஆறு மணிக்குப் பச்சையாக்கினேன். ஒரு நொடி வேலை.

9, சனி
தீபா வரவில்லை. போனில்: "இன்னைக்கும் மட்டும்டி. பாப்பா என் விரல விடமாட்டேங்குது." கோபம் வந்தது. குழந்தை படம் அனுப்பினாள், போய்விட்டது.

மாலையில் மேட்ரன்மா பலகையை எண்ணினார். "நாப்பத்திரண்டும் பச்சை. பிள்ளைக அம்புட்டும் வந்துட்டாக." ஆஸ்துமா மருந்தை இழுத்துக்கொண்டே சிரித்தார். நான் துணி எடுக்கப் போய்விட்டேன்.

வாடை அதிகம். விளக்கு இரண்டு முறை மங்கியது.

10, ஞாயிறு
காலை ஜெபம் முடிந்த கையோடு மின்பெட்டி வெடித்தது. கூடம் முழுக்கப் புகை. எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடினோம். மேட்ரன்மா பலகையைக் கழற்றித் தூக்கி வந்திருந்தார். இலை எண்ணினார். தலை எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே. தீபா எங்க? தூங்குதா அந்தப் புள்ள?"

எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு மூச்சு நேரம்தான். நிமிர்ந்தபோது அவர் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

"மேட்ரன்மா, அவ உள்ள இல்ல."

அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தீயணைப்பு ஆட்கள்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். எங்கள் அறை வாசலில் கிடந்தாராம். இப்போது ஐ.சி.யு.

மதியம் தீபா வந்தாள். பின்வாசல் வழியாகத் தப்பித்திருக்கிறாள் என்று நினைத்து ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. நானும்தான்.

11, திங்கள்
மேட்ரன்மா கண் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார்.

பலகையைத் திரும்ப மாட்டினேன். கொடியின் அடியில் மேட்ரன்மாவுக்கும் ஓர் இலை. பச்சையில் இருந்தது. பழுப்புக்குத் திருப்பினேன்.

பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் ஜெபத்துல நீ பேசும்மா. நம்ம இல்லம் எதை நம்புதுன்னு மேட்ரன் காட்டிட்டாங்க."

தாளில் இதுவரை ஒரே வரி: 'அவர் அந்த இலையை நம்பினார்.'

தீபா எட்டிப் பார்த்தாள். "அடுத்து என்னடி எழுதப்போற?"

ஜெப மணி அடிக்கிறது. அடுத்த வரியும் எழுதிவிட்டேன். 'திருப்பி வைத்தது நான்.'