கரிந்த பைன் மரத்தடி

டிசம்பர் 3

குலுக்கலில் ஹார்லன் பெயருக்கு வேட்டைச் சீட்டு விழுந்துவிட்டது. ஒரு பெண் எல்க் மான். ஜனவரி கடைசிவரை சுடலாம். உறையைப் பிரித்ததும், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, என் இடுப்பைப் பிடித்துச் சமையலறையில் ஒரு சுற்று ஆட வைத்தான். அப்புறம் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சிரைத்தான்.

“மேல்கணவாய்க்குப் போறோம், வெர்னா.”

கழிப்பறைக்குப் போய்வரவே மூச்சு வாங்குகிற மனுஷன்! ஆனாலும் “சரி” என்றேன். நுரையீரல் கெட்டதிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 5

சாப்பாட்டு மேஜையில் பழைய வரைபடம். கல்யாணமான வருஷம் வாங்கியது, பன்றிக்கொழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. கணவாயில் கரிந்த பைன் மரத்தடி அவன் இடம். கீழே ஊற்றுப் பக்கம் என் இடம். இத்தனை வருஷமும் இதே ஏற்பாடுதான். விடியும்போது அவன் மேலே போய்க் காத்திருப்பான். நான் முழங்கால் பனியில் காட்டைக் கலைத்துக்கொண்டு ஏறுவேன். மான் கூட்டம் அவன் பக்கம் போகும்.

“நீ வேட்டைக்காரன், நான் வேட்டைநாய்” என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவேன்.

“நல்ல நாய் கிடைக்கிறது குதிரைக்கொம்பு” என்பான். பாவி.

கூடாரத்துக்குள் தகர அடுப்பு, அதன்மேல் காயும் கம்பளிக் காலுறைகளின் நாற்றம், மான் விழுந்த ராத்திரி வெங்காயத்தோடு வதக்கிய ஈரல். அந்த நாற்றத்துக்குக்கூட இன்று ஏங்கினேன்.

டிசம்பர் 9

பொதி சுமக்க எந்தக் கோவேறு கழுதை என்று இரண்டு மணிநேரம் வாதம். கழுதைகள் பக்கத்துப் பண்ணை மெர்லுடையவை. அவனிடம் இன்னும் கேட்கவே இல்லை.

டிசம்பர் 14

அந்தப் பெரிய கடா மானைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அவனுக்குக் கீழே செங்குத்துப் பள்ளத்தில் நின்றது, கொம்பு மரக்கிளை மாதிரி. ஹார்லன் துப்பாக்கியைத் தூக்கினான், பார்த்தான், இறக்கிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரம்!

“சுட்டுட்டா அதை மேல யாரு கொண்டு வர்றது? கொண்டு வர முடியாத இடத்துல சுடக் கூடாதுடி. கறி அழுகினா பாவம்.”

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை நான். இன்று அதைச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

டிசம்பர் 20

டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே நிறுத்திச் சொன்னார்: “அவ்வளவு உயரத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. திரும்ப மாட்டாரு.”

எப்படிச் சொல்வேன் இவனிடம்? சொன்னால் வரைபடத்தை மடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். சொல்லாவிட்டால் — கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டுமே என் கையால்தான் நடக்க வேண்டுமா?

டிசம்பர் 21

சொல்லவில்லை.

டிசம்பர் 29

நான்கு நாளாக ஓயாத பனி. மேலே மேய ஒன்றும் இருக்காது. எல்க் கூட்டம் முழுக்க இறங்கிவந்து மெர்லுடைய புல்போரைச் சுற்றி நிற்கிறது. எங்கள் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. மெர்ல் ஃபோன் பண்ணினான்.

“கும்பிடப் போன சாமி குறுக்க வந்து நிக்குதுக்கா! என் மாட்டுக்கு வச்ச புல்லையெல்லாம் தின்னு தீர்க்குது. பெரியவரை வரச் சொல்லுங்க. வண்டியில கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. ஹார்லன் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“கசாப்புக் கடையில வேட்டையாடறவன் இல்ல நான். மேல்கணவாய்னா மேல்கணவாய்தான்.”

ஜனவரி 6

பனிக்காலணிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். ஒரு காலணி முடிவதற்குள் மூச்சிரைத்துவிட்டது. பொறுக்க முடியவில்லை எனக்கு. கத்திவிட்டேன்.

“மேல போனா நீ திரும்பி வரமாட்ட. டாக்டர் சொல்லிட்டாங்க. தெரியுமா உனக்கு?”

“தெரியும்” என்றான், தலை நிமிராமல். “அங்கயே முடிஞ்சா என்ன இப்போ? நல்ல இடம்தானே.”

தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் — என் மேஜையில், என் காப்பியைக் குடித்துக்கொண்டு! பாத்திரம் துடைக்கிற துணியை அவன்மேல் வீசினேன்.

“உனக்கு நல்ல இடம்! எனக்கு? உன்னை யாருடா கீழ இறக்கறது? கொண்டு வர முடியாத இடத்துல சுடக் கூடாதுன்னு சட்டம் பேசினவன்தானே நீ? அந்தப் பனியில உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?”

காலணியைக் கீழே வைத்தான். ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜனவரி 8

விடியுமுன் எழுந்து, தானே துப்பாக்கியைத் துடைத்து வைத்திருந்தான். “மெர்லைக் கூப்பிடு. வண்டியிலேருந்து சுடமாட்டேன்னு சொல்லு.”

வண்டியை விட்டிறங்கிப் புல்கட்டின்மேல் உட்கார்ந்தான். ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான். வெளிச்சம் வந்ததும் கூட்டம் புல்போரை விட்டு வரிசையாக நகர்ந்தது. “கடைசியா போறது. கன்னு இல்லாதது” என்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சுட வேண்டும். இவனிடம் இருப்பதே அரை மூச்சு. அதைப் பிடித்தான். ஒரே குண்டு.

என் தோளைப் பிடித்து நடந்துபோய், கையுறையைக் கழற்றிவிட்டு, எப்போதும்போல அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான். மெர்ல் டிராக்டரில் தூக்கினான்.

ராத்திரி ஈரலும் வெங்காயமும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜனவரி 13

வரைபடம் குளிர்பெட்டியின் மேல் மடித்துக் கிடக்கிறது. சாப்பிட்டதும் போய்ப் படுத்துவிடுகிறான். நான் பயந்தது இதற்குத்தான்.

ஜனவரி 19

சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கப் போனேன். “உக்காரு” என்றான். வரைபடத்தை விரித்தான்.

“அடுத்த வருஷம் உன் பேர்ல சீட்டுக்கு எழுதிப் போடு.”

“ஊற்றுப் பக்கம் நின்னுக்கிட்டு நான் எதைச் சுடறது?”

பென்சிலால் கரிந்த பைன் மரத்தடியில் ஒரு புள்ளி வைத்தான். “நீ இங்க. என் இடத்துல.”

“அப்போ கீழேருந்து யாரு விரட்டறது?”

“மெர்லை விரட்டச் சொல்லு. தொப்பையாவது கரையும்.”

அவன் தனக்கென்று எங்கேயும் புள்ளி வைக்கவில்லை. வரைபடம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். எனக்கு அந்த இடம் வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவன் முகத்தில் டிசம்பர் மாதத்துச் சந்தோஷம் திரும்ப வந்திருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கேட்டேன்.