சைவப் பானையில் வெந்த மக்கறோனி

மாமி,

இன்று பின்னேரம் கிளினிக்கால் வந்து, சைக்கிளை வேலியில் சாத்திய கையோடு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் மக்கறோனியைக் கொட்டினேன். கோதுமை மா வேகிற அந்த மணம் குசினிக்குள் பரவ, உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணீர் வடிக்கிற ஞாபகம் இல்லை, பழைய குழப்பம்தான். உங்கள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது, அது மட்டும் முடியவில்லை. உங்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்ன ஆள் இல்லையே.

நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாய் வந்தபோதே மருத்துவிச்சி உத்தியோகத்தோடுதான் வந்தேன். கலியாணத்துக்கு முன் அது எல்லோருக்கும் பெருமை. கலியாணம் முடிந்த பிறகு தலையிடி. கொலனி முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள். எல்லோரையும் பார்த்து, வாய்க்கால் கரையால் சைக்கிளை மிதித்து வீடு சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு மா அரித்து, பிட்டு அவித்து, கறி வைக்க வேண்டும். உங்கள் மகன் வயலால் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்.

நீங்கள் சமைத்து வைக்கலாம்தான். ஆனால் மாமா காலமான நாளிலிருந்து நீங்கள் சுத்த சைவம். மச்சம் என்று மீனையோ இறைச்சியையோ கையாலும் தொடமாட்டீர்கள். உங்கள் மகனுக்கோ மச்சம் இல்லாமல் இரவில் ஒரு வாய் இறங்காது. குசினியில் பானை சட்டிகள்கூட இரண்டு கட்சி. மூலைப் பக்கம் உங்களுடைய சைவப் பானைகள், வாசல் பக்கம் என்னுடைய மச்சச் சட்டிகள். என் அகப்பை தப்பித் தவறி உங்கள் பக்கம் போனால் அன்று முழுக்க என்னோடு கதை இல்லை.

ஒருநாள் பிட்டு இறக்க நன்றாகப் பிந்திப்போனது. அவர் சொல்லிவிட்டார்.

"விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுடச்சுடச் சாப்பாடு வேணும். ஏலாதெண்டால் இந்த மாசத்தோட வேலையை எழுதிக் குடுத்துப்போட்டு வீட்டில நில்லும்."

நீங்கள் வாசலில் இருந்து சுருட்டுப் பத்திக்கொண்டிருந்தீர்கள். மகனுக்கும் ஒரு சொல் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் அதுதான் விருப்பம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த வேலையை விட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

கொழும்பில் படித்த காலத்தில் விடுதிச் சமையலுக்குப் பொறுப்பாயிருந்த பறங்கிப் பெண்மணி மக்கறோனி செய்வா. கண் மூடித் திறக்க முன் ஆயத்தமாகிவிடும். கிளிநொச்சிக் கடையொன்றில் அதில் ஒரு பக்கற், சவர்க்காரங்களுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது. "மாறி வந்த பெட்டி மிஸ்ஸி. கொண்டுபோங்கோ, எனக்கு இடமாவது மிஞ்சும்" என்றார் கடைக்காரர். அன்றைக்கென்று பார்த்து, நான் பிள்ளை பெறுவித்த வீட்டுக்காரர் காட்டில் வேட்டையாடிய மரைமான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். தொடைப்பக்கம், கொழுப்பென்று மருந்துக்கும் இல்லை.

மக்கறோனி அவிக்கத் தண்ணீர் நிறைய வேண்டும். என் சட்டிகள் சின்னன். உங்களுடைய பித்தளைப் பானை ஒன்றுதான் பெரிது. பயந்து பயந்து கேட்டேன்.

"மாமி, இது வெறும் கோதுமை மாதான். உங்கட பானையில அவிக்கட்டோ?"

நீங்கள் பக்கற்றிலிருந்து ஒரு மக்கறோனிக் குழலை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அதற்குள்ளால் என்னைப் பார்த்தீர்கள்.

"ஓட்டையைக் காசு குடுத்து வாங்கியிருக்கிறாய் பிள்ளை" என்றீர்கள். பிறகு, "சரி, அவி" என்றுவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

அது வேக, நான் பக்கத்து அடுப்பில் என் சட்டியில் இறைச்சியை மெல்லிதாய் அரிந்து, வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினேன். தக்காளி, பயற்றங்காய், கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை. வெந்த மக்கறோனியை வடித்து என் சட்டிக்குள் கொட்டிப் பிரட்டினேன். "கோப்பையில மாவும் இருக்க வேணும், மச்சமும் இருக்க வேணும், பச்சையும் இருக்க வேணும்" என்று கிளினிக்கில் தாய்மாருக்கு நான் வாய் நோகச் சொல்கிறது, முதன்முதலாய் என் வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது. விளக்கு வைக்க முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் மகன் அரிக்கன் லாம்பைக் கிட்ட இழுத்துப் பார்த்தார்.

"இதென்ன, புழுவோ? சோறுமில்லை, பிட்டுமில்லை. இதைச் சாப்பாடெண்டு வைக்கிறீரோ? நாளைக்கே எழுதிக் குடும்."

கோப்பையைத் தள்ளிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் நீங்கள் எழும்பி வந்தீர்கள். குனிந்து அந்தக் கோப்பையை எடுத்தீர்கள். சுவரோடு சாய்ந்திருந்து சாப்பிடத் தொடங்கினீர்கள்.

"அம்மா, அது..." என்று அவர் இழுத்தார்.

"என்ன அம்மா? பசிக்குது. நேரத்துக்குச் சுடச்சுட வந்த சாப்பாடு. உனக்கு வேண்டாமெண்டால் விடன்."

வழித்துச் சாப்பிட்டீர்கள். "மிளகு காணாது" என்றீர்கள். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மகன் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேலையை விடச் சொல்லி அவர் வாய் திறக்கவில்லை.

இனித்தான் குழப்பம். தெரிந்து சாப்பிட்டீர்களா, தெரியாமல் சாப்பிட்டீர்களா?

தெரியாமல்தான் என்பது உங்கள் மகனின் கட்சி. "தன்ர பானையில அவிச்சதெண்டபடியால் சைவமெண்டு நினைச்சிட்டா. கண்ணும் மங்கல். சுருட்டுப் பத்துறவவுக்கு இறைச்சி மணம் எங்க தெரியப்போகுது?" அடுத்த நாள் விடியவே நீங்கள் தலைமுழுகி, பானையைப் புளி போட்டு மினுக்கியதை நான் சொன்னால், "அது வெள்ளிக்கிழமை. அவ எந்த வெள்ளிதான் முழுகாமல் விட்டவ?" என்பார். அதுவும் உண்மை. அந்த மிளகுக் கதையைத்தான் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மரை இறைச்சிக்கு மிளகு காணாவிட்டால் எடுபடாது என்பது சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் என் ரசத்துக்கும் அதையேதான் சொல்வீர்கள்.

ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "மாமி, அண்டைக்குத் தெரிஞ்சோ சாப்பிட்டனீங்கள்?"

"எண்டைக்கு?" என்றீர்கள்.

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. தெரியாமல் சாப்பிட்டிருந்தால், உங்கள் விரதம் போனதை நானல்லவா உங்களுக்குச் சொன்னதாய் முடியும்?

கடைசியில் நீங்கள் பாயோடு கிடந்தபோது வந்து பார்த்த டொக்டர், உடம்பு தேற இறைச்சி சூப் கொடுக்கச் சொன்னார். எழும்ப ஏலாத நீங்கள் தலையைத் தூக்கிவிட்டீர்கள்.

"அவர் போன நாளிலயிருந்து ஒருநாளும் நான் மச்சம் தொட்டதில்லை, ஐயா. இனியும் தொடமாட்டன்." என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "இந்தா நிக்கிறா மருமகள். இவவைக் கேளுங்கோ."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "ஓம் டொக்டர், தொட்டதில்லை" என்றேன். அதன் பிறகுதான் கையை விட்டீர்கள்.

அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது, மாமி. அந்தக் கையால்தான் இன்றைக்கும் பிள்ளைகளை ஏந்துகிறேன். நீங்கள் தெரியாமல் சாப்பிட்டிருந்தால், பாவம், உங்களுக்கு மெய்யாகவே ஒன்றும் தெரியாது, நான் சொன்ன சாட்சியிலும் பெரிய பிழையில்லை. என் வேலையைக் காப்பாற்றத் தெரிந்துதான் சாப்பிட்டீர்கள் என்றால், சாகக் கிடந்த ஒரு மனுசிக்காக முழுப் பொய் சொன்னவள் நான். பொய்ச்சாட்சி சொன்னவளாய் இருக்கத்தான் எனக்கு ஆசை.