பெருவிரலில் மை

என் வீட்டு மகராசிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? புதிதாகக் கற்ற எழுத்தில் இது நானே எழுதுவது, சிரிக்காதே.

சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தின் மூடி என் இடது கையில் விழுந்தது. கொப்புளம்தான், பயப்படாதே. மேலாளர் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினார். பழக்கத்தில் பெருவிரலை மையில் தோய்த்தே விட்டேன். பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘தவறு என்னுடையது.’ மூடி பழுதென்று மூன்று முறை சொன்னவன் நான்!

“வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றேங்க” என்றேன்.

“இந்த வயசுலயும் பொண்டாட்டிக்குப் பயமா பெரியவரே?” என்று சிரித்தார். மாதக் கடைசிவரை பொறுப்பாராம்.

படிக்க வந்துவிட்டது; மறுத்துப் பேசத்தான் வரவில்லை. தலையாட்டியே வளர்ந்த உடம்பு, அவரைக் கண்டாலே தலை தானாக ஆடுகிறது. வேலை போய்விடுமோ? கொப்புளத்துக்கு மருந்து அனுப்பு. நீ என்னைத் திட்டுவாயே, அதுபோல் நாலு வரி மகளை எழுதச் சொல். அதை அப்படியே அவர் முன்னால் வாசித்துவிடுகிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்,
உன் வீட்டுக்காரன்.